எட்டு நடையை விட்டுவிட்டு, பூப்பந்து மட்டையைத் தேடுங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் கணக்கு வேலை. மகள் கோவைக்குப் படிக்கப் போனதிலிருந்து ஏழெட்டு மாதமாக மனது எதிலும் ஒட்டவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. டாக்டர் தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார். மொட்டை மாடியில் எட்டு வரைந்து நடந்தேன். பதினைந்து நாளுக்கு மேல் முடியவில்லை. நடக்கும்போதுதான் கவலை அதிகமாக வருகிறது. கல்லூரியில் பூப்பந்து அணியில் ஓடியாடியவள் நான். இப்போது இருபது நிமிடம் நடக்கக்கூட எனக்கு மன உறுதி இல்லையா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள சகோதரி, மன உறுதி இல்லாதவர் பிடிக்காத ஒன்றைப் பதினைந்து நாள் விடாமல் செய்திருக்க மாட்டார். அந்தக் குற்றவுணர்வை முதலில் இறக்கி வையுங்கள்.

நடக்கும்போது கவலை கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியிலேயே உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. எட்டு போட்டு நடக்கக் கால் மட்டும் போதும். பத்தாவது சுற்றுக்குள் கால் தானாக நடக்கப் பழகிவிடும், மனது சும்மா இருக்கும். மகள் சாப்பிட்டாளா, ஏன் போன் எடுக்கவில்லை, நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று ஒரே நினைப்பை அது மென்றுகொண்டே இருக்கும். மனச்சோர்வு இருப்பவர்களுக்கு இந்த அசைபோடல்தான் பெரிய எதிரி. நடையை ரசிப்பவர்களுக்கு எட்டு நடை நல்லதுதான். அவர்கள் நடக்கட்டும்.

பூப்பந்தை நினைத்துப் பாருங்கள். வலைக்கு அப்பாலிருந்து மஞ்சள் கம்பளிப் பந்து வருகிறது. தரையைத் தொடுவதற்குள் எடுத்தாக வேண்டும். நான் எடுக்கவா, பக்கத்தில் நிற்பவள் எடுப்பாளா? "விடு, என்னுது!" என்று ஒரு குரல். கண், காது, கை, கால் எல்லாம் அந்தப் பந்தின் மேல் இருக்கும்போது கவலைக்கு உள்ளே வர வழி கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அது திரும்பி வரும், மறுக்கவில்லை. ஆனால் இடையில் முக்கால் மணி நேரம் மனதுக்கு ஓய்வு கிடைத்திருக்கும். உங்களுக்கு இப்போது தேவை அந்த ஓய்வு.

உடம்புக்குள் நடப்பதையும் சொல்கிறேன். உடற்பயிற்சி செய்தால் எண்டார்பின் சுரக்கும், அதனால் மகிழ்ச்சி வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ரத்தத்தில் ஓடும் எண்டார்பின் எளிதில் மூளைக்குள் நுழைவதில்லை. மூளைக்குள் சுலபமாகப் போகும் வேறொரு பொருள் உண்டு. 1992-ல் ஜெருசலேமில் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தபோது, 'ஆனந்தம்' என்ற நம் சொல்லிலிருந்தே ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். மிதமாக மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாடினால் ரத்தத்தில் இது கூடுகிறது. அளவு மீறி, பேச முடியாமல் மூச்சிரைக்கும்வரை போனால், பெரும்பாலானோருக்கு இன்பம் குறைந்து வேதனைதான் மிஞ்சும். அதனால் ஆட்டத்துக்கு நடுவே சிரித்துப் பேச முடிகிற வேகமே உங்களுக்குச் சரியான வேகம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 50 வயது தாண்டிய, தீவிர மனச்சோர்வு இருந்த 156 பேரில் ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சி, ஒரு பகுதியினருக்கு மாத்திரை, மற்றவர்களுக்கு இரண்டும் கொடுத்தார்கள். 16 வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவினருமே ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். அந்தப் பயிற்சி வாரம் மூன்று நாள், பலர் சேர்ந்து செய்தது என்பதைக் கவனியுங்கள். தனியாக மாடியில் செய்ததல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. காலை ஆறு மணிக்குப் பூப்பந்து மைதானங்களில் ஐம்பது, அறுபது வயது ஆண்கள் ஆடுவதைப் பார்க்கிறேன். அவர்களோடு கல்லூரி நாட்களில் கோப்பை வாங்கிய பெண்கள் எங்கே? இட்லி அவித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணத்தோடு பெண்ணுக்கு விளையாட்டு முடிந்துவிட வேண்டும் என்று யார் முடிவு செய்தது? இந்த ஆட்டமே 1856 வாக்கில் உங்கள் தஞ்சாவூர் அரண்மனையில் தொடங்கியதாகச் சொல்வார்கள். அதை உங்கள் ஊரிலேயே நீங்கள் ஆடுவதற்கு யார் என்ன நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

அணிக்கு ஐந்து பேர் சேரும்வரை காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் வீட்டுச் சுவரே போதும், பந்தைத் தட்டிக் கையைப் பழக்குங்கள். அப்புறம் பழைய தோழி ஒருத்தி, அலுவலகத்தில் ஆர்வமுள்ள ஒருத்தி. மூன்று பேர் சேர்ந்தால் புள்ளி எண்ணாமல் ஆடலாம். இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு முழங்காலும் குதிகால் நரம்பும் சட்டென்று திரும்புவதைத் தாங்காது. பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றிவிட்டு, பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொண்டு இறங்குங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்திருக்காவிட்டால் முதலில் பார்த்துவிடுங்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அப்படியே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. வாரம் மூன்று மாலை, ஒவ்வொன்றும் 50 நிமிடம் என்றால் கணக்குச் சரியாகிவிடும். முதல் மாதமே அதை எட்ட வேண்டியதில்லை. 2020-ல் வந்த அதன் வழிகாட்டுதல் கொஞ்ச நேர அசைவும் கணக்கில் சேரும் என்றே சொல்கிறது.

இன்னொன்றை நீங்கள் தட்டிக்கழிக்கக் கூடாது. ஏழெட்டு மாதமாக எதிலும் ஒட்டாத மனது, மூன்று மணி விழிப்பு, இரண்டும் மனச்சோர்வின் அடையாளங்களாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை இதைக் காட்டாது. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அதற்கான பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண் இது) எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே அழையுங்கள். விளையாட்டும் சிகிச்சையும் சேர்ந்தே போகலாம்.

இன்று மாலை பழைய அணித் தோழிகளில் ஒருத்திக்குப் போன் செய்யுங்கள். எனக்கு முட்டி வலி என்பாள். பரவாயில்லை, வலைக்கு அருகே நின்று மெதுவாகத் தட்டலாம் வா என்று சொல்லுங்கள்.