குடிக்க ஆக நல்லது எந்தத் தண்ணீர்: கிணறா, பைப்பா, போத்தலா, ஃபில்டரா?

"கிணறு, பைப், போத்தல், ஃபில்டர், இதில் உடம்புக்கு ஆக நல்ல தண்ணீர் எது?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஊரையும் சொல்லவில்லை, காரணத்தையும் சொல்லவில்லை. இந்தக் கேள்வி வருகிற வீட்டில் பெரும்பாலும் ஒரு கைப்பிள்ளை இருக்கும், அல்லது வாசலில் ஒரு ஃபில்டர் விற்கிறவர் வந்து போயிருப்பார். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகையை வைத்து நல்லது கெட்டது சொல்ல ஏலாது என்பதுதான் என் பதில். உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதில் என்ன கரைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சொல்லலாம். ருசியாக இருக்கிறது, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது, கொதிக்கவைத்துத்தானே குடிக்கிறோம் என்று இந்த மூன்றையும் நம்பியிருந்தவன் நான். அதுவும் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன்.

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். அந்த மணலுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, கீழே இருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதந்து நிற்கும். எங்கள் பக்கத்துக் கிணறுகளெல்லாம் அந்தப் படையைத்தான் தொடுகின்றன. ஆழம் அதிகமில்லை, மாரியில் வாளிக் கயிறு பாதிகூடத் தேவைப்படாது. அம்மாவின் கிணறு அயலில் பேர்போனது. தேத்தண்ணிக்கு என்று பக்கத்து வளவுகளிலிருந்து குடத்தோடு வந்து அள்ளிப்போவார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் கிணற்றுக்குள் கடல் வந்தது. முகாமிலிருந்து திரும்பி வந்த அன்று அம்மா வீட்டைப் பார்க்கவில்லை, நேரே கிணற்றடிக்குத்தான் போனார். ஒரு வாய் அள்ளிக் குடித்துத் துப்பிவிட்டு அங்கேயே குந்திவிட்டார். அதற்குப் பிறகு உதவிக்கு வந்தவர்கள் மோட்டர் வைத்து இறைத்தார்கள். ஒரு தரம் இறைத்தால் சேறும் குப்பையும் போகும், அது சரி. நாங்கள் ஒரே கிழமையில் மூன்று தரம் அடியொட்ட இறைத்தோம். ஒவ்வொரு முறையும் தண்ணீர் இன்னும் கரித்தது. மேலே இருந்த கொஞ்சநஞ்ச நல்ல தண்ணீரையும் எடுத்துவிட்டால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவரும் என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. உதவ வந்தவர்களைக் குறை சொல்லவில்லை, நானும்தான் மோட்டர் பிடித்தேன். கடைசியில் கிணற்றைத் திருத்தியது மழைதான். இரண்டு மாரி போனபிறகு அம்மா அதே கிணற்றடியில் ஒரு வாய் குடித்துவிட்டு, "வந்திட்டு மனே, நம்மட தண்ணி வந்திட்டு" என்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படித் திரும்பி வந்த கிணற்றைப் பற்றித்தான் சில வருடம் கழித்து நான் அம்மாவிடம் ஒரு கெட்ட செய்தி சொல்லவேண்டி வந்தது.

தங்கச்சிக்கு முதல் பிள்ளை. தாய்ப்பால் போதாமல் இரண்டாம் மாதத்திலேயே பால்மா தொடங்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அக்கா, மா கரைக்கிற தண்ணீர் எது என்று கேட்டார். கிணற்றைக் காட்டினோம். அவர் கிணற்றைப் பார்க்கவில்லை, சுற்றிப் பார்த்தார். எங்கள் மலசலகூடக் குழி ஒரு பக்கம், மதிலுக்கு அங்காலே பக்கத்து வீட்டுக் குழி மறுபக்கம். "கொதிக்கவைச்சுத்தான் குடுக்கிறம்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். "கிருமி சாகும் சேர், நைத்திரேற்று சாகுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த விடயம்தான். குழியிலிருந்து இறங்குவது மணலுக்குள் காற்றுப் பட்டு நைத்திரேற்றாக மாறும். மணல் கிருமியை ஓரளவு வடிக்கும், நைத்திரேற்றை வடிக்காது. அது தண்ணீரோடு தண்ணீராகவே ஓடும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகப் போகும், நைத்திரேற்று அப்படியே மிஞ்சும். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோகிற வேலையைக் கெடுக்கும், கூடினால் பிள்ளை நீலம்பாரிக்கும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது வந்த கடதாசியில் 83 என்று இருந்தது. இதையெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதியவன் நான். என் வளவில் இருக்கிற குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் எத்தனை அடி என்று ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. அளந்தேன், 22 அடி.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "நாப்பது வருசமா குடிக்கிற தண்ணி. உங்க எல்லாரையும் வளத்த தண்ணி" என்று மட்டும் சொன்னார். இங்கேயும் யாராவது வந்து, எங்கள் தாத்தா கிணற்றுத் தண்ணீர் குடித்துத் தொண்ணூறு வயது இருந்தார் என்று எழுதுவீர்கள். இருந்திருப்பார். அவர் காலத்தில் ஒரு வளவுக்குள் ஒரு வீடு, குழியே இல்லாத வீடுகளும் உண்டு. இப்போது பத்துப் பேர்ச், அதாவது ஏறக்குறைய 2,700 சதுர அடிக் காணிக்குள் வீடு, கிணறு, குழி மூன்றும் இருக்கின்றன, பக்கத்துக் காணியிலும் அப்படித்தான். கிணறு கெட்டுப்போகவில்லை, நாங்கள் அதை நெருக்கிவிட்டோம்.

அடுத்தது ஃபில்டர். தங்கச்சி பயந்துபோயிருந்த அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். கரண்டில் சொருகுகிற இரண்டு கம்பியை எங்கள் தண்ணீரில் வைத்தார். ஒரு நிமிடத்தில் தண்ணீர் செம்மண் கரைத்தது போலாகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர், அதாவது மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி உப்பெடுத்த தண்ணீர், அப்படியே தெளிவாக நின்றது. "இதத்தான் பிள்ளைக்குக் குடுத்திருக்கிறீங்க" என்றாராம். தங்கச்சி அழுதுகொண்டே தவணைக் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டாள். மறுநாள் அவர் மெஷின் பூட்ட வந்தபோது நான் வீட்டில் நின்றேன். அவருடைய சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டுவிட்டு, இப்போது கம்பியை வையுங்கள் என்றேன். அதுவும் செம்மண்ணாகியது. அந்த நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கில்லை, இரும்புக் கம்பி கரைந்து வருகிற நிறம். தண்ணீரில் உப்போ கனியமோ கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஒன்றும் கரைந்திராத தண்ணீரில் பாயாது. அவ்வளவுதான்.

நியாயமாகச் சொல்லவேண்டும், மெஷினில் பிழையில்லை. ஆர்ஓ நைத்திரேற்றையும் உப்பையும் பெருமளவு எடுக்கும். வெள்ளைச் செரமிக் உருளை வைத்த ஃபில்டரும் கரி ஃபில்டரும் எடுக்காது. ஆனால் எங்கள் வீட்டு வாசலில் பைப் தண்ணீர் இருந்தது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர், வவுணதீவில் சுத்திகரித்து வருவது. குளோரின் மணம் பிடிக்காமல் அம்மா அதைப் பூமரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். வாயகன்ற பாத்திரத்தில் கொஞ்சநேரம் திறந்து வைத்தால் அந்த மணம் போய்விடும். இதற்கு மெஷின் தேவையே இல்லை. முற்பணத்தை அவர்கள் திருப்பித் தரவுமில்லை, கையெழுத்து வைத்த தவணையை விடவுமில்லை.

அந்தத் தவணையைக் கட்டத்தான் தங்கச்சி கிழமை லோன் எடுத்தாள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஐந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்டவேண்டும் என்கிற கடன். கிழமைதோறும் வசூலிக்க வருகிறவர் வாசலில் கதிரை போட்டு இருந்துவிடுவார், காசு கையில் வரும்வரை எழும்பமாட்டார். புருஷன் வேலைக்குப் போன நேரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் அப்படி இருப்பது என்ன முறை? பால்குடிப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் அயல்வீட்டில் ஒளித்திருந்த நாட்களும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் எத்தனை பெண்கள் இப்படி மாட்டியிருக்கிறார்கள் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். தண்ணீர்ப் பயத்தை விற்றவரை விட எனக்கு இவர்கள் மேல்தான் கோபம் அதிகம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எங்களைப் போலக் கரையோரம் என்றால் உப்பையும் நைத்திரேற்றையும் பாருங்கள். அம்பாறையில் உள்ளுக்குள், தெஹியத்தகண்டிய மகாஓயாப் பக்கம் என்றால் கதை வேறு. அங்கே கற்பாறைத் தரை, தண்ணீரின் கடினத்தன்மையையும் புளோரைட்டையும் பார்க்கவேண்டும், சிறுநீரக நோய் கூடின இடங்கள் அவை. கொதிக்கவைத்தால் புளோரைட்டும் போகாது. போத்தல் தண்ணீர் பயணத்துக்குச் சரி, லேபலில் எஸ்எல்எஸ் என்கிற இலங்கைத் தர முத்திரையும் சுகாதார அமைச்சின் பதிவு இலக்கமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வெயிலில் அடுக்கி வைத்திருக்கிற கடையில் வாங்காதீர்கள். காரத் தண்ணீர் என்று விற்பதற்குக் காசு கொடுக்கவேண்டாம், வயிற்றுக்குள் போனால் அங்கே அமிலம்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை என்றால் அதற்குத் தண்ணீரே தேவையில்லை, யார் சொன்னாலும் பருக்காதீர்கள்.

நாங்கள் இப்போது குடிக்கவும் சமைக்கவும் பைப் தண்ணீரைக் கொதிக்கவைத்து எடுக்கிறோம். குளிப்பும் உடுப்புக் கழுவுவதும் கிணற்றில். அம்மா இன்னும் விடியக் காலையில் முதல் வாளி அள்ளி முகம் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார். அதை நான் தடுக்கவில்லை.

உங்கள் ஊர் எது, கிணறு என்றால் குழிக்கும் அதற்கும் எத்தனை அடி, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கீழே எழுதுங்கள். பரிசோதனைக் கடதாசி கையில் இருந்தால் இலக்கங்களையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.