பலா மஞ்சள் எத்தனை நாள் நிற்கும்? – இன்டார்சியா கேள்வி பதில்

தக்கலையிலிருந்து: அண்ணாச்சி, இன்டார்சியா என்பது மைசூர் ரோஸ்வுட் பதிப்பு வேலைதானா?

இரண்டும் சொந்தம், ஆனால் வேறு வீடு. மைசூர் வேலையில் பலகையைக் குடைந்து, வேறு மரத் துண்டுகளைப் பதித்து மட்டமாக்குவார்கள். நம்முடையதில் குடைவதே இல்லை. படத்தைத் துண்டு துண்டாக ஸ்க்ரோல் சாவில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மெஷின்) அறுத்து, ஒவ்வொன்றின் விளிம்பையும் உருட்டி, சேர்த்துப் பின்னால் ப்ளைவுட்டில் ஒட்டுகிறோம். மீன் செய்தால் வயிறு உப்பி நிற்கும், வால் தாழ்ந்திருக்கும். பெயர் இத்தாலிக்காரர்களுடையது. 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் செய்ததெல்லாம் தட்டை வேலை.

குலசேகரத்திலிருந்து: எங்கள் பக்கம் ரப்பர் மரம் சும்மா கிடக்கிறது. ஆகுமா?

ஆகும். வெளிர் நிறம், அறுக்கவும் சுகம். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலக் கறை பாயும், அப்புறம் வண்டு ஏறும். போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்திய பலகையை மட்டும் வாங்குங்கள். நான் ஒரு தடவை பச்சைத் துண்டில் கொக்கு செய்து சுவரில் மாட்டினேன். மூன்றாம் மாதம் கொக்குக்குக் கீழே தரையில் மாவு கொட்டிக் கிடந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து: நிறத்துக்குச் சாயம் பூசலாமா?

பூசாதீர்கள். மரத்தின் சொந்த நிறம்தான் இந்த வேலையின் உயிர். மெஷினுக்குக் காசு சேர்ப்பதற்கு முன் அறுப்பு மில்லில் ஒரு சாக்குக் கழிவுத்துண்டு வாங்கிப் பழகுங்கள். நாட்டுச் சேவல் செய்கிறீர்கள் என்று வையுங்கள். கழுத்துக்குப் பலா, முதுகுக்கு அயனி, கொண்டைக்கு மகோகனி, வாலுக்கு ஈட்டி, அதாவது ரோஸ்வுட் (உடைந்த பழைய கட்டில் கால் போதும்). வெள்ளை இறகு வேண்டுமா, வெட்பாலை இருக்கிறது. பனஞ்சட்டத்தின் கறுப்புக் கீற்று மார்புப் புள்ளிகளுக்கு அப்படியே பொருந்தும்.

நிறத்தைவிட ரேகை முக்கியம். வால் இறகு வளையும் பக்கமே மரத்தின் ரேகையும் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எவ்வளவு நன்றாக அறுத்தாலும் அது இறகாகத் தெரியாது, பலகையாகத்தான் தெரியும். அதனால் வரைபடத்தை ஒரே தாளாக ஒட்டாமல், துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ரேகை பார்த்து ஒட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பலாவின் மஞ்சள் வெளிச்சம் பட்டால் பழுத்துப் பழுப்பாகிவிடும். ஒரு துண்டில் பாதியைக் காகிதத்தால் மூடி ஜன்னலில் வையுங்கள், நீங்களே பார்க்கலாம். சேவலை வெயில் விழாத சுவரில் மாட்டினால் மஞ்சள் கொஞ்ச காலம் கூடுதலாக நிற்கும். நிரந்தரமாக நிற்காது.

குளச்சலிலிருந்து: துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. பிளேடு சரியில்லையா?

முதலில் மேசையைப் பாருங்கள். தடித்த கட்டை ஒன்றில் சின்னக் கீறல் அறுத்து, கட்டையைப் பிளேடுக்குப் பின்பக்கம் கொண்டுபோய்த் திருப்புங்கள். அதே கீறலில் பிளேடு இடிக்காமல் நுழைந்தால் 90 டிகிரி சரி. நுழையாவிட்டால் மேசை சாய்ந்திருக்கிறது. மேலே ஒட்டி, கீழே வாய் பிளக்கும். முக்கால் அங்குல மரத்துக்கு 5ஆம் எண் பிளேடு போதும், ஈட்டிக்கு 7. பற்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். மரத்தைத் தள்ளாதீர்கள், தள்ளினால் பிளேடு வளையும். விளிம்பு கருகினால் வரைபடத்தின் மேல் பேக்கிங் டேப் ஒட்டி அறுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: வீட்டுக்குள் செய்யலாமா அண்ணே?

மொட்டை மாடி நல்லது. ஈட்டித் தூள் தோலில் அரிக்கும், மூச்சையும் பிடிக்கும். உப்புத்தாள் போடும்போதுகூட என்95 மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். துணியைக் கட்டிக்கொண்டால் பத்தாது.

குழித்துறையிலிருந்து: மழைக்காலத்தில் பின்பலகை வளைந்துவிட்டது.

நமக்கு வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் அல்லவா! முன்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டிருப்பீர்கள். பின்பக்கம் ஈரம் குடித்திருக்கும். இரண்டு பக்கமும் சமமாகப் போடுங்கள். ஆளி விதை எண்ணெய் பூசினால், அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

பத்மநாபபுரத்திலிருந்து ஒரு மாணவி: முதலில் என்ன செய்யட்டும் மாமா?

பக்கத்திலேயே அரண்மனை இருக்கிறதே மக்கா. பூமுகத்தில் (முகப்பு மண்டபம்) நின்று அண்ணாந்து பார். மச்சில் 90 வகைப் பூக்கள் செதுக்கியிருப்பதாகச் சொல்வார்கள். அதில் இதழ் குறைந்த ஒன்றை வரைந்து வா, பத்துத் துண்டுக்கு மேல் போகாமல். மரம் நான் எடுத்து வைக்கிறேன்.