தரவையில் ஒரு பாழ் வீடு: காலத்தைப் படத்தில் பிடிப்பது

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைத் தரவையில் (திறந்த மேய்ச்சல் புல்வெளியில்) கைவிடப்பட்ட ஓட்டு வீடு ஒன்றைச் சில வருடங்களாகப் போனில் படம் எடுத்து வருகிறேன். எல்லாப் படங்களும் ஒரே பாழாகத்தான் தெரிகின்றன; காலம் போனது தெரியவில்லை. நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்று எடுக்கிறீர்கள். மாறியது சுவரா, நீங்கள் நின்ற இடமா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டின் ஒரு மூலையும் தொலைவில் உள்ள ஏதாவதொன்றும் ஒரே கோட்டில் வருமாறு நில்லுங்கள். குடும்பிமலை தெரிந்தால் அதன் உச்சி, தெரியாவிட்டால் ஒரு தனிப்பனை. ஓரடி விலகினாலே கோடு பிசகிவிடும். பழைய படத்தைக் கையில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், சூம் செய்யாதீர்கள்.

மாதமும் முக்கியம். நமது பகுதியில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், டிசம்பரில் தெற்கே. வடக்குச் சுவர் ஜூனில் வெயிலிலும் டிசம்பரில் நிழலிலும் இருக்கும். மாரியில் புல் பச்சை, கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் காய்ந்த மஞ்சள். இவற்றைக் கலந்தால் பருவத்தைத்தான் காட்டுவீர்கள், வருடங்களை அல்ல. ஒரே மாதம், ஒரே நேரம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இடையில் மரம் வளர்ந்து வீட்டை மறைத்தால் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். நகராதீர்கள், அந்த மரமும் மாற்றம்தானே. பாதி மறைந்தாலும் பழைய இடத்திலிருந்தே எடுங்கள். கூரைக்கோடுகூடத் தெரியாமல் போனால் மட்டும் இரண்டாவது இடம் ஒன்றைத் தெரிவுசெய்து, பழைய இடத்திலிருந்தும் ஒன்று எடுங்கள். மரத்தை வெட்டிவிட்டு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இனி ஆட்களைப் பற்றி. "படமெடுக்க அனுமதி எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்பவரை அண்டவிடாதீர்கள். காணி யாருடையது என்று கிராம உத்தியோகத்தரிடம் நீங்களே கேளுங்கள். தரவை யாருடைய பொறுப்பு என்று கேட்டால் ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டும், அது அடுத்ததை. அந்த இழுபறியில்தான் தரகர் பிழைக்கிறார். அவரைவிட மோசமானவர் காணித் தரகர். ஆளில்லாத வீடு எங்கே என்று படத்தோடு இடத்தையும் முகநூலில் போட்டால் அவருக்கு வேலை மிச்சம். இடம்பெயர்ந்த உரிமையாளர் எங்கேயோ உயிரோடு இருக்கலாம். இடக்குறியை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த திகதி அழிந்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள், மூலப்படத்தை அழிக்காதீர்கள். வானத்தைக் கறுப்பாக்கும் பில்டர் வேண்டாம். நேற்று இடிந்த வீடும் அதில் நூறு வருடப் பாழாகிவிடும்.

இலுக்குப் புல்லுக்குள் பாழ்கிணறு மறைந்திருக்கும், கம்பால் தட்டிக்கொண்டு நடவுங்கள். யானை நடமாடும் பக்கமென்றால் நன்றாக விடிந்த பின் போங்கள்.