எலிக்கு வலிப்பு வரவழைப்பதும் ஒரு படிப்பா?

பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பி.பார்ம் முடித்த மகள் எம்.பார்மில் மருந்தியல்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், "வாயில்லா ஜீவனுக்கு வலிப்பு வரவைப்பதா படிப்பு?" என்று குமுறியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், உங்கள் தம்பி மகன் வலிப்புக்காக இரண்டு வேளையும் லெவிடிரசெட்டம் மாத்திரை சாப்பிடுகிறான் என்றும் இருக்கிறது. அந்த மாத்திரையின் கதையே உங்களுக்குப் பாதிப் பதில்.

வலிப்பு மருந்துகளைச் சலித்தெடுக்கும் பழைய சோதனைகள் இரண்டு. ஒன்றில் மருந்து கொடுத்த சுண்டெலிக்கு 0.2 விநாடி மின்சாரம் கொடுத்து, பின்னங்கால்கள் விறைத்து நீள்கின்றனவா என்று பார்ப்பார்கள். விறைக்காவிட்டால் மருந்து தேறியது. 1930களின் இறுதியில் மெரிட், புட்னம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் பூனைகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்துத்தான் பெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தைக் கண்டெடுத்தார்கள். இன்னொன்று, வலிப்பை வரவழைக்கும் பென்டிலீன்டெட்ராசோல் ஊசி. லெவிடிரசெட்டம் இரண்டிலும் தோற்றது! மூளையில் சிறு மின்தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, மெல்ல வலிப்புக்கு ஆளாக்கிய விலங்குகளிடம்தான் அது தன் வேலையைக் காட்டியது. எந்த எலியிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதுதான் உங்கள் மகள் கற்கப்போவது. மருந்து வலிப்பை அடக்கியதா, எலியையே தள்ளாட வைத்துவிட்டதா என்று தெரிய, சுழலும் தண்டின்மேல் அதை ஏற்றிவிடுவார்கள். தடுமாறி விழுந்தால் சந்தேகம்தான்.

இஷ்டத்துக்கு எலியைத் தொடவும் முடியாது. எத்தனை எலி, ஏன் அத்தனை என்று எழுதிக் கொடுத்து, நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

என் கவலை வேறு. சேரும் முன் கல்லூரியின் விலங்குக் கூடத்தை நேரில் பாருங்கள். புறநகரில் ஒரு கல்லூரியில் அதன் சாவியைத் தேடவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூட்டிப்போன மாணவனை அப்படியே திருப்பி அழைத்து வந்துவிட்டேன். சோதனை செய்யும் வேலை என்றால் ஐதராபாத், பெங்களூரு போகவும் மனம் வேண்டும். சென்னையைவிட்டு நகர மாட்டாள் என்றால், மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்து ஆராயும் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பில் இங்கேயே இடம் உண்டு. அங்கே எலி கிடையாது, கணினிதான்.

சேர்வதற்கு முன் ஒருமுறை அவள் சோதனையை அருகில் நின்று பார்க்கட்டும். பார்க்க முடியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்தை மாத்திரையாக, ஊசியாக உருவாக்கக் கற்றுத்தரும் மருந்தாக்கவியல் பிரிவு இருக்கிறது. எதை எடுத்தாலும் எம்.பார்ம் நுழைவுத் தேர்வான ஜி-பேட்டை மட்டும் விட வேண்டாம்.