அம்மாவை எப்போது வெளியே விடுவீர்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை உண்டு. ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று என்று கோவிஷீல்டு இரண்டு தவணையும் போட்டாயிற்று. ஆனாலும் பயத்தில் அவரை வாசற்படி தாண்ட விடுவதில்லை. பால் பாக்கெட்டைக்கூடக் கழுவித்தான் உள்ளே எடுக்கிறோம். இந்த மாதம் பள்ளி திறந்ததிலிருந்து பேரனையும் அவர் அறைக்குள் விடுவதில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க நாங்கள் தி.நகர் போய்வந்தது முதல், 'நானும் கோயிலுக்குப் போவேன்' என்று பிடிவாதம் பிடிக்கிறார். லீவு கிடைக்காததால் என் கணவர் இன்னும் இரண்டாவது ஊசி போடவில்லை. அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, மேற்கு மாம்பலம் (நவம்பர் 2021)

பதில்: உங்கள் அம்மாவுக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த வீட்டில் வெளியே போகாதவர் அவர் ஒருவர்தான். கணவர் அலுவலகம் போகிறார், மகன் பள்ளிக்குப் போகிறான், நீங்கள் தீபாவளி நெரிசலில் துணி எடுத்துவிட்டு வருகிறீர்கள். கொரோனா அவரிடம் வருமானால் உங்கள் மூவரில் ஒருவருடைய மூச்சுக்காற்றில்தான் வரும். பால் பாக்கெட்டைக் கழுவும் நேரத்தில் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள்.

உங்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கடந்த மே மாதத்தை யாரால் மறக்க முடியும்? தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று உறுதியானது. சென்னையில் அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் மக்கள் கால்கடுக்கக் காத்துக்கிடந்தார்கள். அன்று அம்மாவை வீட்டுக்குள் வைத்துக் காத்தது சரியான காரியம். ஆனால் அப்போது அவருக்கு ஒரு தவணைதான் முடிந்திருந்தது. இரண்டாவது தவணை போட்டு இப்போது நான்கு மாதம் ஆகிறது. இனித் தொற்றே வராது என்று எந்த மருத்துவரும் உறுதி தர மாட்டார். நோய் முற்றி ஆக்சிஜன் படுக்கை வரை போகும் ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது என்பதை எல்லா மருத்துவர்களும் சொல்வார்கள். இதற்காகத்தானே அவர் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்?

இருபது மாதம் வீட்டுக்குள்ளேயே இருப்பது சர்க்கரை உள்ள ஒருவரை என்ன செய்யும் என்று யோசித்தீர்களா? நடை நின்றால் சர்க்கரை ஏறும். தொடைத் தசை இளைக்கும், நிதானம் தவறும். என் பெரியம்மாவை நாங்களும் இப்படித்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். கொரோனா அவரைத் தொடவில்லை. நடந்து பழக்கம் விட்டுப்போன கால்கள் குளியலறையில் தடுமாறி, இடுப்பெலும்பு முறிந்து, இன்றுவரை படுக்கையில் இருக்கிறார். அந்த வருத்தத்தில்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

பேரனுக்கு இருமலோ காய்ச்சலோ இருந்தால் சில நாள் தள்ளி இருக்கட்டும். மற்ற நாட்களில் பள்ளியிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு நேரே பாட்டியிடம் போகட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இங்கே இன்னும் ஊசி தொடங்கவில்லை. அதனால்தான் அவனைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும்.

உங்கள் கணவர் விஷயம் அதில்தான் வருகிறது. லீவு இல்லை என்ற காரணத்தை நான் ஏற்க மாட்டேன். செப்டம்பர் 12-ல் ஆரம்பித்து மெகா தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன, அதிலும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். துணிக்கடைக்கு நேரம் கிடைத்த குடும்பத்தில் இதற்கும் கிடைக்கும். வீட்டில் காவல் போட வேண்டிய ஆள் யாராவது உண்டென்றால், அது ஊசியைத் தள்ளிப்போடும் அவர்தான்.

கோயில்கள் விஜயதசமிக்கு முன்பே எல்லா நாட்களும் திறந்துவிட்டன. பிரதோஷக் கூட்டம் வேண்டாம். சாதாரண நாளில், காலையில் நடை திறந்ததும் முகக்கவசத்தோடு போய்வரலாம். முதல் வாரம் தெருமுனை வரை நடக்கட்டும், நீங்கள் கூடவே போங்கள். எந்த நாள், எந்தக் கோயில் என்பதை அவர் சொல்லட்டும்.

இன்னொன்று. அம்மாவின் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடிப் பாருங்கள். இருபது மாதத்தில் வார் விறைத்துப்போயிருக்கும். புதிது வாங்க வேண்டும். சர்க்கரை உள்ளவருக்குக் கடிக்காத செருப்பாகப் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால், கடைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.