மாலை விளையாட்டை நிறுத்தினால் மார்க் கூடுமா?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. மார்க் குறைந்ததால் மாலை விளையாட்டை நிறுத்தி, பள்ளி விட்டதும் டியூஷனுக்கு அனுப்புகிறோம். இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. படிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடம்கூட நிலைப்பதில்லை. என்ன செய்வது டாக்டர்?

பதில்: முதலில் அந்த மூச்சிரைப்பைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். ஓடி நின்ற சில நிமிடங்களில் இருமலோ வீசிங்கோ வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். அதற்கு மருந்து எடுத்துக்கொண்டே விளையாடலாம். ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம்வயதில் திடீரென இறந்திருந்தாலோ இதயப் பரிசோதனை முடியும்வரை ஓடவிடாதீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், உடல் பழக்கம் விட்டுப்போனதுதான் காரணமாக இருக்கும். தினமும் ஓடியாடும் குழந்தையின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை அனுப்பும். அதனால் அதே மாடிப்படியைக் குறைந்த துடிப்பில் ஏறிவிடுவான்.

படிப்புக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2009-இல் வெளிவந்த ஆய்வில், 20 நிமிடம் வேகமாக நடந்த பிறகு குழந்தைகள் கவனத்தைச் சோதிக்கும் கேள்விகளுக்குக் கூடுதல் துல்லியமாகப் பதில் சொன்னார்கள். விளையாடினால் மார்க் உடனே ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கவனம் சிதறாமல் உட்காரும் திறன் கூடுகிறது. ஆகவே விளையாட்டு டியூஷனுக்கு முன்னால் இருக்கட்டும்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் நாளே அத்தனையும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் 20 நிமிடம், பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டுங்கள். ஓட்டம், சைக்கிள், கபடி, எது பிடிக்கிறதோ அது. விளையாடும்போது பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. வேகம் சரியா என்று பார்க்க அது போதும். வாரத்தில் மூன்று நாள் எலும்புக்காகக் குதிக்கட்டும்: 30 விநாடி ஸ்கிப்பிங், 30 விநாடி ஓய்வு, ஐந்து முறை. சிமென்ட் தரையைவிட மண் தரை நல்லது. இந்த வயதில் குதிகால் எலும்பின் வளரும் பகுதி மென்மையாக இருக்கும். அதிகம் குதித்தால் வலிக்கும். வலித்தால் குதிப்பதை நிறுத்திவிட்டு சைக்கிள் ஓட்டச் சொல்லுங்கள். வலியோடு குதிக்க வைக்காதீர்கள்.

பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு வாழைப்பழம், தண்ணீர். வெயில் தணிந்ததும் விளையாட்டு. டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக இரவுத் தூக்கம் மட்டும் 9 மணி நேரத்துக்குக் குறையவே கூடாது.