பாட்டுக்குப் பாட்டு கார்டு மனப்பாடம் செய்ய வேண்டுமா?

கேள்வி: மாஸ்டர், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஈப்போவில் 61 கீ கீபோர்டு ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. யூடியூப்பைப் பார்த்து ஏழெட்டு ஆங்கிலப் பாட்டுக்கும் சில தமிழ்ப் பாட்டுக்கும் கார்டு (ஸ்வரங்களைச் சேர்த்து அமுக்குவது) பழகிவிட்டேன், எல்லாம் சி சுருதியில்தான். மச்சான் கிட்டாரோடு வந்து ஜி-யில் ஆரம்பித்தால் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் தாளம் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொரு சுருதியிலும் தனியாகப் படிக்க வேண்டுமா? சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டன் போதாதா? சின்ன வயதில் கோயில் சங்கீத வகுப்பில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை வரை படித்திருக்கிறேன். கல்யாண டின்னரிலும் பிறந்தநாள் விருந்திலும் வாசித்தால் எனக்குப் போதும். 88 கீ வாங்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: தனித்தனியாகப் படிக்கத் தேவையே இல்லை. அப்படிப் படித்ததால்தான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் பழகியது சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற நான்கு பெயர்களை. மச்சான் ஜி-யில் ஆரம்பித்ததும் நான்கு பெயரும் போய்விட்டன. ஆனால் அந்த நான்குக்கும் நடுவே இருக்கும் உறவு அப்படியேதான் இருக்கிறது. விரலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அந்த உறவை.

சரளி வரிசை தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை முடிந்த மாதிரி. கோயில் வகுப்பில் அதை மாயாமாளவகௌளை ராகத்தில் பாடியிருப்பீர்கள். அதில் ரி, த இரண்டையும் அரை ஸ்தானம் ஏற்றினால் சங்கராபரணம் ராகம். சி-யை ச-வாக வைத்துக்கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அமுக்கினால் வருவது அதுதான், மேஜர் ஸ்கேல் என்று சொல்வதும் அதைத்தான். இப்போது ஒரு ஸ்வரம் விட்டு ஒரு ஸ்வரமாக மூன்றைச் சேர்த்து அமுக்குங்கள். ச-க-ப முதல் கார்டு, ரி-ம-த இரண்டாவது, இப்படியே ஏழு வரை. ச, ம, ப-வில் தொடங்கும் 1, 4, 5 மூன்றும் மேஜர், மலர்ந்த ஒலி. ரி, க, த-வில் தொடங்கும் 2, 3, 6 மூன்றும் மைனர், சற்று வாடிய ஒலி. ஏழாவது டிமினிஷ்டு என்ற வேறு வகை, பாப் பாட்டில் அது அபூர்வம், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

உங்கள் நான்கு கார்டுக்கும் இனி பெயர் 1-5-6-4. ஆங்கிலப் பாப் பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற வரிசை இதுதான். பீட்டில்ஸின் 1970-ஆம் ஆண்டுப் பாட்டு 'லெட் இட் பீ' சி-யிலேயே இந்த நான்கோடுதான் தொடங்குகிறது. இதையே 6-லிருந்து ஆரம்பித்து 6-4-1-5 என்று சுற்றினால் அதே கார்டுகள், ஆனால் முகம் வாடின மாதிரி ஒரு சாயல் வந்துவிடும். சங்கராபரணத்தில் த-வை ச-வாக எடுத்தால் நடபைரவி ராகம் கிடைக்கிறதே, ச-வை இப்படி இடம் மாற்றும் அதே கிரக பேதம்தான் இங்கேயும் நடக்கிறது.

இனி கைக்கு வருவோம். தாமதத்துக்குக் காரணம் உங்கள் வேகம் இல்லை, தூரம். யூடியூப்பில் பெரும்பாலும் எல்லாக் கார்டையும் அடி ஸ்வரத்திலிருந்தே பிடிக்கச் சொல்கிறார்கள். அப்படிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் கை முழுதாகக் கிளம்பி வேறு இடத்தில் இறங்க வேண்டும். வலதுகையை நகர்த்தாமல் இப்படிச் செய்து பாருங்கள். நடு சி-யில் கட்டைவிரலை வைத்து சி-இ-ஜி பிடியுங்கள், இது 1. அடுத்து ஜி-யை அப்படியே விட்டுவிட்டு மற்ற இரண்டையும் ஒரு வெள்ளைக் கட்டை கீழே, அதாவது இடப்பக்கம், இறக்குங்கள்: பி-டி-ஜி. இதுவும் ஜி மேஜர்தான், வேறு அடுக்கில் நிற்கிறது, அவ்வளவுதான். இது 5. பிறகு மூன்று விரலும் ஒரு கட்டை மேலே: சி-இ-ஏ, இது 6. கடைசியாக நடுவிலிருக்கும் இ மட்டும் எஃப்-க்கு நகர வேண்டும்: சி-எஃப்-ஏ, இது 4. அங்கிருந்து 1-க்குத் திரும்பும்போது சி அசையாது, மற்ற இரண்டும் ஒவ்வொரு கட்டை இறங்கும். நான்கு கார்டு முழுக்கக் கட்டைவிரல் சி-யை விட்டு ஒரே ஒரு கட்டைதான் நகர்கிறது. சுண்டுவிரலுக்கு ஜி, ஏ இரண்டு கட்டைதான் வேலை. நடுவில் 1-க்கும் 4-க்கும் மூன்றாம் விரல், 5-க்கும் 6-க்கும் இரண்டாம் விரல்.

இடதுகைக்கு இன்னும் சுலபம். கட்டைவிரல் கீழ் சி-யில், சுண்டுவிரல் அதற்கும் கீழே எஃப்-இல் இருக்கும்படி ஐந்து விரலையும் ஐந்து வெள்ளைக் கட்டையில் வையுங்கள். 1-க்குக் கட்டைவிரல், 5-க்கு மோதிரவிரல், 6-க்கு நடுவிரல், 4-க்குச் சுண்டுவிரல். கை இடம் மாறவே வேண்டாம், ஆட்காட்டி விரலுக்கு ஓய்வு.

இப்போது மச்சானின் ஜி. கட்டைவிரலை ஜி-யில் வைத்து ஜி-பி-டி. பிறகு எஃப் ஷார்ப்-ஏ-டி. பிறகு ஜி-பி-இ. பிறகு ஜி-சி-இ. கவனித்தீர்களா, நகர்வு அதேதான், விரல்களும் அதேதான். புதிதாக வந்தது ஒரே ஒரு கருப்புக் கட்டை. கட்டைவிரல் அதற்கு எட்டக் கையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள். இடதுகை கட்டைவிரல் ஜி-யில், சுண்டுவிரல் சி-யில். டி-க்கும் இதே முறைதான், அங்கே எஃப் ஷார்ப்போடு சி ஷார்ப்பும் சேரும். சி, ஜி, டி மூன்றிலும் இந்த ஒரே வரிசை ஓடும்வரை புதிதாக எந்த வரிசையும் எடுக்காதீர்கள். சி-யில் மட்டும் பத்து வரிசை தெரிந்தவரைவிட, மூன்று சுருதியில் ஒரு வரிசை தெரிந்தவர் டின்னர் மேடையில் அதிகம் பிழைப்பார் என்பது என் அனுபவம்.

தாளத்துக்கு, அடி தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து ஒரு கார்டுக்கு நான்கு அடி கொடுங்கள். ஆதி தாளம் போட்டு எண்ணுகிறீர்கள் என்றால் நான்கு கார்டுக்கு இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). நான்காவது அடி விழுந்தவுடனேயே வலதுகையை லேசாகத் தூக்கிவிடலாம், கடைசிவரை அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அப்படியும் பிந்தினால் இடதுகையின் பாஸ், அதாவது கீழ் ஸ்வரம், மட்டும் முதல் அடியில் விழட்டும், வலதுகை இரண்டாவது அடியில் வரட்டும். கேட்பவர்களுக்கு அது பிசகாகத் தெரியாது, பல பாட்டுகளில் வேண்டுமென்றே அப்படித்தான் வாசிப்பார்கள். பாஸ் பிந்தினால்தான் கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

அப்புறம் அடுத்த வரிசைகள். 1-6-4-5 என்பது 1950-களின் அமெரிக்கக் குழுப் பாட்டுகளில் ஊறிப்போனது. பென் இ. கிங் பாடி 1961-இல் வெளிவந்த 'ஸ்டாண்ட் பை மீ' இதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் அங்கே நான்கும் சம நீளம் இல்லை. 1-க்கும் 6-க்கும் இரண்டிரண்டு பார் (ஒரு பார் என்பது நான்கு அடி), 4-க்கும் 5-க்கும் ஒவ்வொன்று, பிறகு 1-இல் இரண்டு பார் இளைப்பாறல். எண்ணோடு நீளத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

பழைய ராக் அண்ட் ரோலுக்குப் பன்னிரண்டு பார் ப்ளூஸ் வேண்டும்: 1-இல் நான்கு பார், 4-இல் இரண்டு, 1-இல் இரண்டு, பிறகு 5, 4 ஒவ்வொன்று, கடைசியில் 1-இல் இரண்டு. மூன்றே கார்டு. ராக்கில் இன்னொன்றும் அடிக்கடி காதில் விழும். சி-யில் சொன்னால் சி, பி ஃபிளாட் (பி-க்கு இடப்பக்கக் கருப்புக் கட்டை), எஃப். அந்த பி ஃபிளாட் சங்கராபரணத்தில் இல்லையே என்று குழம்ப வேண்டாம், நி இறங்கி ஹரிகாம்போஜி ராகம் ஆகியிருக்கிறது.

மச்சானோடு வாசிக்கும்போது ஒரு விஷயம். ராக் பாட்டில் கிட்டார்காரர்கள் பவர் கார்டு என்று, அந்தந்தக் கார்டின் அடி ஸ்வரத்தை ச-வாக வைத்து, ச-வையும் ப-வையும் மட்டும் அடிப்பார்கள், க இருக்காது. அது மேஜரா மைனரா என்று சபைக்குச் சொல்லப்போவது உங்கள் வலதுகையில் இருக்கும் க. அது தப்பினால் கிட்டார் எவ்வளவு சரியாக இருந்தாலும் பாட்டு கெட்டுவிடும். சந்தேகம் வந்தால் நீங்களும் க-வை விட்டுவிட்டு வாசியுங்கள், முதல் சுற்றில் பாடுபவர் குரலைக் கேட்டு அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் கீழ் ஸ்தாயியில் நெருக்கியடித்தால் ஒலி சேறாகிவிடும், கிட்டார் இருக்கும்போது வலதுகையை ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே கொண்டுபோங்கள்.

டிரான்ஸ்போஸ் பட்டனைக் குறை சொல்ல மாட்டேன். பாடுபவர் கடைசி நிமிடத்தில் ஒன்றரைக் கட்டை வேண்டும் என்றால், அதாவது சி ஷார்ப் என்றால், அதை அமுக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதையே நம்பியிருந்தால் மச்சான் 'என்ன கார்டு?' என்று கேட்கும்போது நீங்கள் சி என்பீர்கள், ஸ்பீக்கரில் வேறொன்று வரும். அடுத்த பாட்டுக்கு அதைத் திருப்பிவைக்க மறந்தால் கதை முடிந்தது. மண்டபத்தில் நிஜ பியானோ இருந்தால் அந்தப் பட்டனே கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1-5-6-4 கையில் ஏறியதும் எல்லாப் பாட்டிலும் அதைத் திணிக்கத் தோன்றும். ராகத்தை ஒட்டிப் போகும் தமிழ்ப் பாட்டுகளில் அது இடிக்கும். கார்டில் இருக்கும் ஒரு ஸ்வரம் அந்த ராகத்திலேயே இல்லாமல் போகலாம். தேவாரத்துக்கோ பஜனைக்கோ உட்கார நேர்ந்தால் ச, ப இரண்டை மட்டும் மெதுவாகப் பிடித்துக்கொண்டு பாட்டை விட்டுவிடுங்கள்.

88 கீ இப்போது வேண்டாம். நான் மேலே சொன்னது அத்தனையும் 61-க்குள் அடங்கும், இடதுகைக்குக் கீழே இடமும் மிஞ்சும். கையில் காசு இருந்தால், ஒலியை நீட்டிப் பிடிக்கக் காலால் மிதிக்கும் சஸ்டெயின் பெடல் ஒன்று வாங்குங்கள். புதுக் கார்டு விழும் கணத்தில் காலை எடுத்து, விழுந்த பிறகு மறுபடி மிதிக்க வேண்டும். கார்டுக்கு முன்னாலேயே மிதித்தால் பழையதும் புதியதும் கலந்துவிடும். அப்புறம் உங்கள் பக்கம் சாயங்கால மழையோடு இடி எப்படி விழும் என்பது உங்களுக்கே தெரியும். கீபோர்டை ஆஃப் செய்தால் மட்டும் போதாது, ஷிப்டுக்குக் கிளம்பும்போது அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் போங்கள்.